பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்: ஆற்றோரம் கடற்காகம் பார்த்த அனுபவம்

பறவை பார்ப்பதில் ஓரளவு தேர்ந்தவர்கள்கூடக் கடற்காகங்கள் (ஆங்கிலத்தில் gull) என்றதும் இருநோக்கியை (பைனாகுலரை) கீழே இறக்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். எல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக ஒரே மாதிரிதானே இருக்கின்றன என்பது அவர்கள் சொல்லும் காரணம். சிக்கல் அதற்கு நேர் எதிரானது. ஒரே இனத்துக்குள் வயதுக்கு ஓர் இறகுக்கோலமும், வளர்ந்த பின் பருவத்துக்கு ஓர் இறகுக்கோலமுமாகத் தோற்றம் மாறிக்கொண்டே இருப்பதால், கையேட்டின் படத்துக்கும் எதிரே மணல்திட்டில் நிற்கும் பறவைக்கும் பொருத்தம் காண்பது எளிதாக இருப்பதில்லை. தனியாகப் போகிறவருக்கு இது விரைவில் சலித்துவிடும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே கூட்டத்தின் எதிரில் அமர்ந்து, ஆளுக்கொரு பறவையைப் பிடித்துக்கொண்டு விவரம் சொல்லத் தொடங்கினால் அதே சிக்கலே சுவையாகிவிடுகிறது. குளிர்காலத்தின் கடைசியில், ஓர் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அப்படியொரு குழுவை அழைத்துச் சென்ற அனுபவத்தை எழுதுகிறேன். இதுபோன்ற பயணத்தை ஏற்பாடு செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கடற்காகத்தைப் பார்க்கக் கடற்கரைக்குப் போகாமல் ஆற்றுக்கு ஏன் போக வேண்டும் என்று குழுவில் ஒருவர் கிளம்பும் முன்பே கேட்டார். கடற்கரையில் அவை அலைக்கு மேலே தொலைவில் பறந்துகொண்டிருக்கும். நின்று பார்க்க வாய்ப்புக் குறைவு. ஆற்றுக்கு அவை வருவதற்குத் திட்டமான காரணங்கள் இருக்கின்றன. இறகில் ஒட்டிய உப்பைக் கழுவ நன்னீரில் குளிக்க வருகின்றன. குளித்து முடித்ததும் பக்கத்து மணல்திட்டில் ஏறி நீண்ட நேரம் இறகு கோதுகின்றன. மாலையில் இரவுத் தங்கலுக்கு முன்பு கூடும் இடமாகவும் அத்திட்டுகள் இருக்கின்றன. குளித்துவிட்டு இறகு கோதும் பறவை ஒரே இடத்தில் நிற்கும், இறக்கையை அடிக்கடி விரிக்கும், வாலை விசிறிபோல் பரப்பும். அடையாளம் காணத் தேவைப்படும் அனைத்தையும் அது தானாகவே காட்டிவிடும். எனவே இடம் தேர்வு செய்யும்போது ஆற்றின் அழகான வளைவைத் தேடுவதைவிட, பறவைகள் குளிக்கும் ஆழமற்ற நீரும் அதையொட்டித் திட்டும் உள்ள இடத்தைத் தேடுவது நல்லது.

முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள ஆறு என்றால் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், பார்த்தே நேரத்தைக் குறிக்க வேண்டும். ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பொதுவாக 12 மணி 25 நிமிட அளவு இடைவெளி இருப்பதால், இன்று காலை ஏழு மணிக்கு நீர் நிறைந்தால் நாளை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளித்தான் நிறையும். நீர் வற்றியிருக்கும் வேளையில் சேற்றுவெளி பரந்து கிடக்கும். பறவைகளும் அதற்கேற்பச் சிதறித் தொலைவில் நிற்கும். நீர் ஏற ஏறத் திட்டுகள் ஒவ்வொன்றாக மூழ்க, அவை நெருங்கி நெருங்கிக் கடைசியில் கரைக்குப் பக்கத்திலுள்ள மேட்டில் வந்து அடைகின்றன. நாங்கள் உயர் ஓதத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே போய் அமர்ந்தோம். வந்த புதிதில் இருநோக்கியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தவை, நாங்கள் ஓரடிகூட எடுத்து வைக்காமலே, கண்ணின் நிறம் தெரியும் தொலைவுக்கு வந்து சேர்ந்தன. பறவையை நோக்கி நடப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு அமையாது.

வெயில் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதைப் பலரும் நினைப்பதில்லை. ஓய்வெடுக்கும் கடற்காகங்கள் இறகு கலையாதிருக்கக் காற்றை எதிர்நோக்கியே நிற்கும். காற்று நம் முகத்தில் அடித்தால் வாலையும், முதுகில் அடித்தால் நெஞ்சையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்போம். ஆற்றின் போக்கில் காற்று வீசும் நாளில் அவை பக்கவாட்டில் திரும்பி நிற்க, அலகு, தலை, முதுகு, இறக்கை நுனி ஆகிய நான்கும் ஒரே பார்வையில் கிடைக்கும். எங்கள் இடம் பாலத்தின் கீழ்ப்புறக் கரை. அங்கே காற்று எங்கள் பார்வைக்குக் குறுக்காகவே வந்தது. மறுகரையில் நிழல் அதிகம் இருந்தும் அங்கே போகாததற்கு இதுவே காரணம். நிழல் இல்லை என்று முணுமுணுத்தவர்களுக்குத் தொப்பியே பதிலாக இருந்தது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருநோக்கியில் 8x42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பத்து மடங்குக் கருவியில் பறவை பெரிதாகத் தெரிந்தாலும் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாவதால், புதியவர்களுக்கு எட்டு மடங்கே ஏற்றது. கடற்காகங்களுக்கு முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி ஒன்றாவது கட்டாயம் வேண்டும். வெயில் ஏறி நீருக்கு மேல் காற்று நடுங்கத் தொடங்கிய பிறகு அதை அறுபது மடங்குக்குத் திருகுவதில் பயனில்லை. நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். இருபத்தைந்து, முப்பது மடங்கில் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு தொலைநோக்கியைப் பலர் பகிரும்போது எழும் குழப்பமே குழுப் பயணத்தில் அதிக நேரத்தை விழுங்குகிறது. உயரமானவர் தமக்கேற்ப உயர்த்திவிட்டுப் பார்ப்பார். அடுத்து வருபவர் எட்டாமல் குழாயைப் பிடித்து இழுப்பார். பறவை காட்சியை விட்டுப் போய்விடும். நாங்கள் முதலிலேயே முக்காலியைக் குழுவில் மிகவும் குள்ளமானவரின் கண்மட்டத்துக்கு இறக்கிவிட்டோம். உயரமானவர்கள் குனிந்துகொள்ளலாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணை மட்டும் வில்லையருகே கொண்டுபோக வேண்டும் என்பதும் விதி. பறவையைச் சுட்டிக்காட்டுவதற்கு, வட்டமாகத் தெரியும் காட்சியைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டோம். "இரண்டு மணிப் பக்கம், தலையை முதுகில் செருகியிருப்பது" என்றால் எல்லோருக்கும் ஒரே பறவைதான். இருநோக்கியில் பார்ப்பவர்களுக்கு, திட்டில் செருகியிருந்த பழைய மீன்பிடிக் கழி அடையாளமாயிற்று. அந்தக் கழிக்கு வலப்புறம் மூன்றாவது, அதற்குப் பின்வரிசையில் பெரியது என்று சொல்லிச் சொல்லி, சிறிது நேரத்தில் அந்தத் திட்டே எங்களுக்குத் தெருப்போலப் பழகிவிட்டது.

இந்தப் பயணத்தில் நான் வைத்த ஒரே கண்டிப்பான விதி, முதல் ஒரு மணி நேரத்துக்கு யாரும் எந்தப் பறவையின் பெயரையும் சொல்லக் கூடாது என்பது. தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும். குழுவில் அனுபவமுள்ள ஒருவர் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் அதற்குப் பிறகு பறவையைப் பார்ப்பதில்லை. அந்தப் பெயருக்குரிய அடையாளங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறார்கள், இல்லாவிட்டாலும் கண்டுகொள்கிறார்கள். பெயரில்லாமல் விவரிக்கச் சொன்னபோது முதலில் தயக்கம் இருந்தது. பிறகு ஒரு கல்லூரி மாணவர், "சார், கழிக்குப் பக்கத்துல நிக்குறதோட கண்ணு வெள்ளையா இருக்கு, அதுக்கு அடுத்ததோட கண்ணு கறுப்பா இருக்கு, மத்ததெல்லாம் ஒண்ணுதான்" என்றார். அது வரை ஒரே வகை என்று எல்லோரும் நினைத்திருந்த கூட்டம் அந்த நொடியில் இரண்டாகப் பிரிந்தது.

அவர் கண்டது பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கும் கருந்தலைக் கடற்காகத்துக்கும் உள்ள மிக நம்பகமான வேறுபாடுகளுள் ஒன்று. குளிர்காலத்தில் இரண்டுக்கும் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டுமே எஞ்சியிருக்கும். இரண்டுக்கும் அலகும் காலும் சிவப்பு. வளர்ந்த பழுப்புத்தலையின் விழி வெளிறிய மஞ்சளாக, ஒருவித முறைப்பான பார்வையுடன் இருக்கும். கருந்தலையின் விழி கரியது. முகம் சாதுவாகத் தெரியும். முன்னது உடலில் சற்றுப் பெரியது, அலகும் தடித்தது. கருந்தலை எனப்பட்டாலும் இனப்பெருக்கக் காலத்தில் வருவது காபிக்கொட்டை நிறத் தலைதான் என்பது தனிக் கதை. பழுப்புத்தலை மத்திய ஆசியாவின் உயர்ந்த பீடபூமி ஏரிகளில், திபெத், லடாக் போன்ற இடங்களில் முட்டையிட்டுவிட்டுக் குளிர்காலத்தில் கீழே இறங்கி வருகிறது. கருந்தலை ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் கிழக்கு ஓரம் வரை பரந்த நிலப்பரப்பில் இனப்பெருக்கம் செய்கிறது. இவ்வளவு வெவ்வேறு இடங்களில் பிறந்தவை ஒரே திட்டில் தோளோடு தோள் நிற்கின்றன என்பதைக் கேட்டதும், அதுவரை ஆர்வம் காட்டாத சிலர் தொலைநோக்கியின் வரிசையில் வந்து நின்றார்கள்.

கண் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதும் அன்றே தெரிந்தது. இளம் பழுப்புத்தலைக்கு விழி கருமையாகவே இருக்கும். வளர வளரத்தான் வெளுக்கும். அதனால் இறக்கையையும் பார்க்க வேண்டும். கருந்தலை பறக்கும்போது இறக்கையின் முன்விளிம்பில் நீண்ட வெள்ளைப் பட்டை ஆப்புபோல நுனிவரை ஓடும். வளர்ந்த பழுப்புத்தலைக்கு இறக்கை நுனி அகலமான கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் கண்ணாடிச் சில்லு பதித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இளம் பறவையில் அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டாலும் நுனி முழுக்கக் கறுப்பாக இருப்பது போதும். திட்டில் நிற்கும் பறவையின் இறக்கையைப் பார்க்க வழி என்ன என்றால், காத்திருப்பதுதான். ஓர் ஆசிரியை, தாம் தேர்ந்துகொண்ட ஒரே பறவையை இருநோக்கியிலிருந்து விடாமல் கால்மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். அது கோதியது, தூங்கியது, பக்கத்துப் பறவையைக் கொத்தி விரட்டியது, மறுபடி தூங்கியது. கடைசியில் ஒரு காலையும் அதே பக்கத்து இறக்கையையும் சேர்த்து மெல்லப் பின்னுக்கு நீட்டிச் சோம்பல் முறித்தது. "முழுக்க விரிச்சிடுச்சு, வெள்ளைப் புள்ளி இல்ல, வால் ஓரத்துல கறுப்புக் கோடு இருக்கு" என்று அவர் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்போது அது இறக்கையை மடித்துவிட்டது. அன்றைய பட்டியலில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்ட இளம் பழுப்புத்தலை அதுவே.

வால் ஓரத்துக் கறுப்புக் கோடு என்பது வயதைச் சொல்லும் அடையாளம். கடற்காகங்களில் இனத்தைத் தேடும் முன்பு வயதைத் தேட வேண்டும் என்பதே நான் குழுவினரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது. பொதுவாகச் சிறிய கடற்காகங்கள் முழு வளர்ச்சித் தோற்றம் பெற இரண்டு ஆண்டுகளும், நடுத்தரமானவை மூன்று ஆண்டுகளும், பெரியவை நான்கு ஆண்டுகளும் எடுத்துக்கொள்கின்றன. முதல் குளிர்காலத்துச் சிறிய கடற்காகத்துக்கு இறக்கையில் பழுப்புத் திட்டுகளும், வால் நுனியில் கறுப்புப் பட்டையும், மங்கிய ஆரஞ்சு அலகும் இருக்கும். பெரிய இனங்களின் முதலாண்டுப் பறவையோ உடல் முழுவதும் பழுப்பும் வெள்ளையும் கலந்து, தாய்ப்பறவையோடு எவ்வகையிலும் தொடர்பில்லாதது போலத் தோன்றும். ஆண்டுதோறும் இறகுதிர்ந்து முளைக்கும்போது முதுகில் சாம்பல் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால், புதிய பறவை ஒன்றைக் கண்டதும் இது என்ன என்ற கேள்வியோடு திகைக்காமல், இது இளையதா, இடைவயதா, வளர்ந்ததா என்று தொடங்க முடியும். அதற்கு விடை கிடைத்ததும் கையேட்டில் பார்க்க வேண்டிய படங்களில் பெரும்பகுதி விலகிவிடும்.

குளிர்காலத்தின் கடைசியில் போனதற்கு ஒரு தனிப் பயன் உண்டு. வளர்ந்த பறவைகள் இனப்பெருக்கக் கோலத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். ஒன்றுக்குத் தலை முழுவதும் பழுப்பாகியிருக்கும். மற்றொன்றுக்கு நெற்றி மட்டும் வெள்ளையாக எஞ்சியிருக்கும். இன்னொன்று இன்னும் குளிர்காலக் கோலத்திலேயே நிற்கும். ஒரே நாளில் இத்தனை நிலைகளையும் பார்ப்பது கையேடு படிப்பதைவிட மேலானது. நடுக்குளிர்காலத்தில் எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம். கற்க வருபவர்களுக்கு நான் பருவக் கடைசியையே சொல்வேன்.

பெரிய கருந்தலைக் கடற்காகம் என்ற வேறோர் இனப் பறவை வந்திறங்கியபோது பெயர் சொல்லாத விதியைக் காப்பாற்றுவது கடினமாயிற்று. பாலஸ் கடற்காகம் என்றும் அழைக்கப்படும் இது உலகின் மிகப்பெரிய கடற்காகங்களுள் ஒன்று. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இறக்கை விரிவோடு அது தாழ்ந்து வந்தபோது, திட்டின் ஓரத்தில் நின்றிருந்த சிறியவை தாமாகவே விலகி இடம் விட்டன. பக்கத்தில் நின்றவற்றோடு ஒப்பிட்டபோதுதான் அதன் உருவம் எல்லோருக்கும் புரிந்தது. தனியாக நிற்கும் பறவையின் அளவை மதிப்பிடுவதில் கண் ஏமாறும் என்பதால், கலந்து நிற்கும் கூட்டமே கற்றுக்கொள்ள ஏற்றது. நீண்டு சரிந்த நெற்றி, தடித்த மஞ்சள் அலகு, அதன் நுனிப்பக்கம் ஒரு கறுப்பு வளையம், நுனியில் சிவப்பு, முழுக்கக் கறுத்துவிட்ட தலையில் கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பிறை என ஆளுக்கொன்றாகச் சொல்லி முடித்த பிறகே பெயரைச் சொல்ல அனுமதித்தேன். ஒரு மணி நேரம் அதற்குள் எப்போதோ முடிந்திருந்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பக்கத்தில் நின்ற மற்றொரு பெரிய பறவைதான் அன்றைக்கு எங்களை அலைக்கழித்தது. முதுகு கருஞ்சாம்பலா நடுச்சாம்பலா என்பதில் குழு இரண்டுபட்டது. முதுகின் சாம்பல் நிறத்தை மதிப்பிடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. பறவை வெயிலை நோக்கித் திரும்பினால் ஒரு நிறம், பக்கவாட்டில் நின்றால் ஒரு நிறம், மேகம் மறைத்தால் இன்னொரு நிறம். அதே பறவை திரும்பியபோது இரு தரப்பும் தத்தம் கருத்தை மாற்றிக்கொண்டு மறுபடியும் எதிரெதிராக நின்றதைக் கண்டு எல்லோரும் சிரித்துவிட்டோம். இதற்கு வழி, நிறத்தைத் தனியாகச் சொல்லாமல், அதே திசையில் அதே கோணத்தில் நிற்கும் அடையாளம் தெரிந்த பறவையோடு ஒப்பிட்டுச் சொல்வது. பக்கத்துப் பழுப்புத்தலையின் முதுகைவிடத் தெளிவாகக் கருத்தது, இறக்கை நுனிக் கறுப்பைவிட வெளிறியது என்று எழுதினால் அது பின்னாளில் பார்ப்பவருக்கும் பயன்படும். மேகமூட்டமான நாளில் இந்த வேலை எளிதாகும் என்பதால், கடற்காகம் பார்க்க வெயிலற்ற வானத்தை விரும்புவோர் உண்டு.

அவை செய்வதைப் பார்ப்பதிலும் பாதி நேரம் கழிந்தது. சேற்றின் விளிம்பில் ஒரு கருந்தலை, நின்ற இடத்திலேயே இரு கால்களையும் மாற்றி மாற்றி வேகமாக மிதித்துக்கொண்டிருந்தது. மிதிப்பில் கலங்கி மேலே வரும் புழுக்களையும் சிறு உயிர்களையும் கொத்துவதற்காக அவை இப்படிச் செய்கின்றன. தலை அசையாமல் கீழ்நோக்கியே இருக்க, கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததைக் குழுவிலிருந்த சிறுமி எழுந்து செய்து காட்டினாள். வேறொன்று, அலகு நுனியில் திரண்ட நீர்த்துளியைத் தலையை உதறி எறிந்தது. கடற்காகத்தின் கண்களுக்கு மேலே உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. உடலில் மிகும் உப்பை அவை செறிந்த கரைசலாக நாசித் துளை வழியே வெளியேற்ற, அது அலகு வழியே வழிந்து சொட்டுகிறது. கடல்நீரைக் குடித்தும் பிழைக்க முடிவது இதனால்தான். தொலைநோக்கியில் அந்தத் துளி வெயிலில் மின்னி விழுவது தெளிவாகத் தெரிந்தது.

ஆலாக்கள் என்ற நீர்ப்பறவைகளோடு கடற்காகங்களைக் குழப்பிக்கொள்ளும் புதியவர்களுக்கும் நடத்தையே எளிய வழிகாட்டி. ஆலா ஒல்லியான உடலும் கூரிய அலகுமாக நீருக்கு மேல் நின்று பறந்து, தலைகீழாகப் பாய்ந்து மீனைப் பிடிக்கும். நீரில் உட்கார்ந்து மிதப்பது அரிது. கடற்காகம் வாத்துபோல் மிதக்கும், மேற்பரப்பில் கிடைப்பதைப் பொறுக்கும். முடிந்தால் ஆலா பிடித்ததைப் பறிக்கும். மீனோடு எழுந்த ஓர் ஆலாவை இரண்டு கடற்காகங்கள் வளைத்து வளைத்து விரட்ட, அது மீனை நழுவவிட்டது. விழுந்த மீனை மூன்றாவதாக எங்கிருந்தோ வந்த ஒன்று நீரைத் தொடும் முன்பே கவ்விக்கொண்டு போனது. விரட்டிய இரண்டும் நீரில் அமர்ந்து ஒன்றையொன்று பார்த்துக் கத்தின.

பெரிய கடற்காகங்கள் பலவற்றின் மஞ்சள் அலகில், கீழ்நுனிக்கு அருகே உள்ள சிவப்புப் புள்ளியைப் பற்றியும் அங்கேதான் பேசினோம். குஞ்சு அந்தப் புள்ளியைக் கொத்தினால் தாய்ப்பறவை இரையைக் கக்கிக் கொடுக்கும். நிக்கோ டின்பெர்கன் அட்டையில் செய்த பொய்த் தலைகளைக் காட்டி இதை ஆராய்ந்தார். விலங்கு நடத்தை ஆய்வுக்காக அவருக்கு 1973இல் கோன்ராட் லோரன்ஸ், கார்ல் வான் ஃபிரிஷ் ஆகியோருடன் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டது. அலகில் அந்தப் புள்ளி இருக்கிறதா, அதோடு கறுப்பும் கலந்திருக்கிறதா என்பது வயதைத் தீர்மானிக்கவும் உதவும்.

எண்ணும் வேலையைக் குழுவாகச் செய்வதில் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒருவர் சத்தமாக எண்ணினால் மற்றவர்களின் எண்ணிக்கையும் அதை ஒட்டியே போகும். எனவே ஒவ்வொருவரும் தாளில் எழுதி மடித்து வைக்கும்படி சொன்னோம். முதலில் இருபது பறவைகளை எண்ணி, அவை திட்டில் அடைக்கும் இடத்தை ஓர் அளவாகக் கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை இடமிருந்து வலமாக நகர்த்தி எத்தனை முறை வருகிறது என்று பார்ப்பது வழக்கமான முறை. முதல் சுற்றில் 260 முதல் 450 வரை விடைகள் வந்தன. பின்வரிசையில் படுத்திருப்பவற்றைச் சிலர் கணக்கில் எடுக்கவில்லை என்பது பேசியபோது தெரிந்தது. இரண்டாம் சுற்றில் இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. இனவாரியாகப் பிரிக்க, திட்டின் வெவ்வேறு பகுதிகளில் தலா ஐம்பது பறவைகளைத் தொலைநோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த விகிதத்தை மொத்தத்துக்குப் பொருத்தினோம். ஓரத்தில் மட்டும் எடுத்த விகிதம் தவறாகப் போகும், ஏனெனில் இளம் பறவைகள் பெரும்பாலும் விளிம்பில்தான் நின்றன.

பட்டியலை ஈபேர்ட் (eBird) என்ற இணையத்தளத்தில் பதிவு செய்தோம். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய இந்தத் தரவகத்தில் யாரும் இலவசமாகப் பதிவு செய்யலாம். குழுவாகச் செல்லும்போது ஒருவர் மட்டும் பட்டியலைத் தொடங்கி, முடித்த பின் மற்றவர்களுடன் பகிர்வது முறை. பத்துப் பேர் பத்துப் பட்டியல் ஏற்றினால் ஒரே கூட்டம் பத்து மடங்காகிவிடும். ஒரே இடத்தில் அமர்ந்து பார்த்ததை நிலையான பட்டியலாகவே குறிக்க வேண்டும். இனம் தெரியாத பறவையைக் கடற்காக வகை என்று மட்டும் எழுதவும் அதில் இடமுண்டு. தெரியவில்லை என்று எழுதுவதில் கூச்சப்படுவதற்கு ஒன்றுமில்லை. தவறான பெயரோடு ஏறும் பதிவு, பெயரில்லாப் பதிவைவிட அதிகத் தொல்லை தரும்.

பறவைகளுக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருப்பது பற்றிக் குழுவில் முன்கூட்டியே பேசியிருந்தாலும், கேமரா கையில் இருப்பவர்களுக்கு அது மறந்துபோகும். ஒருவர் குனிந்தபடி நீரோரம் நகரத் தொடங்கினார். அவரைக் கூப்பிட்டுக் கண்டிப்பதற்குப் பதிலாக, தொலைநோக்கியில் கூட்டத்தைப் பார்க்கும்படி அழைத்தோம். கோதிக்கொண்டிருந்தவை கோதுவதை நிறுத்தியிருந்தன. தூங்கியவை தலையை நிமிர்த்தியிருந்தன. எல்லாக் கழுத்துகளும் நீண்டிருந்தன. அடுத்த அடி எடுத்து வைத்தால் எழுந்துவிடும் என்பதற்கு அதுவே அறிகுறி. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரத்தில் நீர் ஏற, பறவைகளே அவர் பக்கம் நெருங்கின. ஆய்வாளர்கள் காலில் அடையாள வளையமிட்ட பறவை ஏதேனும் கண்ணில் பட்டால், அதன் நிறம், எழுத்துகள், எந்தக் காலில் என்பதையும் சேர்த்துப் படமெடுப்பது நல்லது. கருந்தலைக் கடற்காகம் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்திருப்பது வளையங்கள் வழியாகவே தெரியவந்தது. அன்றைக்கு எங்களுக்கு வளையம் எதுவும் கிட்டவில்லை.

இறந்துகிடக்கும் பறவையைத் தொடக் கூடாது என்பதைக் குழந்தைகளுடன் வருபவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சீனாவின் சிங்காய் ஏரியில் 2005இல் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்தபோது, அவற்றில் பழுப்புத்தலைக் கடற்காகமும் பெரிய கருந்தலையும் இருந்தன. 2023இல் ஐரோப்பாவில் அதே காய்ச்சலால் கருந்தலைகள் பெருமளவில் மாண்டன. ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் இறந்துகிடந்தால், தொலைவிலிருந்து படமெடுத்து, இடத்தைக் குறித்து, உரிய துறைக்குத் தெரிவிக்கலாம். மற்றொரு எச்சரிக்கை மனிதர்களுக்கானது. வற்றிய நேரத்தில் நடந்து போகும்படி தெரியும் திட்டுக்கு யாரும் போகக் கூடாது. ஓதம் முன்னாலிருந்து மட்டும் ஏறுவதில்லை. பின்னால் உள்ள தாழ்ந்த வாய்க்காலை முதலில் நிரப்பிவிட்டுத்தான் திட்டைத் தொடுகிறது. திரும்பும் வழி அடைபட்டதே தெரியாமல் பறவை பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.

எங்களை அலைக்கழித்த அந்தப் பெரிய பறவையின் படங்களை அன்று இரவு குழுவினர் அனைவரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தோம். நின்ற நிலையில் எடுத்த படங்கள் நிறையவே இருந்தன. அவை தெளிவாகவும் இருந்தன. அவற்றால் எதுவும் தீரவில்லை. பருந்து ஒன்று வந்து கூட்டம் எழுந்தபோது, குறி பார்க்காமல் ஒருவர் தொடர்ச்சியாக எடுத்தவற்றில் இறக்கை நுனி விரிந்த படம் ஒன்று கிடைத்தது. வெளி இறகுகளில் வெள்ளைப் புள்ளி எத்தனை, கறுப்பு எத்தனையாவது இறகு வரை இறங்குகிறது என்பதை அதில் எண்ண முடிந்ததால், அதன் வயது நான்காம் குளிர்காலம் அல்லது அதற்கு மேல் என்பது வரை ஒப்புக்கொண்டோம். இனம் எது என்பதில் இன்னும் இரு கட்சிதான். பதிவில் அது பெரிய கடற்காகம், இனம் உறுதியில்லை என்றே இருக்கிறது. கீழே அந்த மங்கிய படமும், முதுகு நிறத்தைப் பழுப்புத்தலையோடு ஒப்பிட்ட குறிப்பும் சேர்க்கப்பட்டுள்ளன.